சமையல் மேடைக்கு எந்தக் கல்? அழகாபுரத்தில் பழைய கடப்பா மேடையை மாற்றுகிறோம்

அழகாபுரம்_வீடு:
வணக்கம். சேலம் அழகாபுரத்தில் முதல் மாடி வீடு. சமையலறை உள்ளளவு 10 அடிக்கு 8 அடி. இப்போது இருப்பது செங்கல் சுவர் மேல் கடப்பாக் கல். அதை முழுவதும் எடுத்துவிட்டு, கீழே பிளைவுட் பெட்டிகளும் மேலே இயற்கைக் கல்லும் என்று முடிவு. எல் வடிவ மேடை: 10 அடிச் சுவரில் ஜன்னலுக்குக் கீழே சிங்க், 8 அடிச் சுவரில் அடுப்பு. அடுப்பு இனி மேடைக்குள் பதிக்கிற ஹாப். தினமும் புளி, எலுமிச்சை, மஞ்சள் புழங்கும். மேட்டூர் தண்ணீர் வராத நாளில் போர் தண்ணீர்தான். வெள்ளைக் கல் போடலாமா, கறுப்புதான் நல்லதா? 18 மி.மீ. கனம் போதுமா? எத்தனை சதுர அடி வாங்குவது? கடையில் எதைச் சோதித்து வாங்க வேண்டும்?

கல்பட்டறை_சேலம்:
வணக்கங்க. பேரைக் கேட்டுக் கல்லை வாங்காதீங்க, வெட்டு வரைபடத்தைக் கையில வெச்சுக்கிட்டு வாங்குங்க. ஒரே பேருல பல குவாரிக் கல்லு விக்குது. ஒண்ணு கெட்டியா இருக்கும், இன்னொண்ணு எண்ணெயைக் குடிக்கும்.

புளி, எலுமிச்சை புழங்குற மேடைக்கு மார்பிளும் கடப்பாவும் வேண்டாம். ரெண்டுமே சுண்ணாம்பு இனம். உங்க பழைய கடப்பாவுல அடுப்போரம் வெளுத்த வட்டம் தெரியுதான்னு பாருங்க. தெரிஞ்சா அது கறை இல்லீங்க, புளித்தண்ணி கல்லைத் தின்ன இடம். எவ்வளவு தேய்ச்சாலும் போகாது, மறுபடி பாலிஷ் போட்டாத்தான் மறையும். கிரானைட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை.

கடையில நாலு சோதனை. தயங்காம செய்யுங்க, நல்ல கல்லு வெச்சிருக்கிற கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார்.

பாலிஷ் பக்கம் ஒரு ஸ்பூன் தண்ணி ஊத்தி 15 நிமிஷம் விடுங்க. துடைச்ச பிறகு அந்த இடம் கறுத்துத் தெரிஞ்சா கல்லு உறிஞ்சுது. ஓரத்துல நாலு சொட்டு சமையல் எண்ணெய் விட்டும் அதே மாதிரி பாருங்க. அடுத்தது கறுப்புக் கல்லுக்கு மட்டும்: வெள்ளைத் துணியில அசிட்டோன் நனைச்சு அழுத்தித் தேயுங்க, நகப்பூச்சு அழிக்கிற திரவமே போதும். துணியில கறுப்பு ஒட்டினா அது சாம்பல் கல்லுக்குச் சாயம் ஏத்தினது. ஒண்ணு ரெண்டு வருஷத்துல சிங்க்கைச் சுத்தி வெளுத்துப் போகும். மூணாவதா, ஸ்லாபை நிமிர்த்தி வெச்சு சாவியால தட்டிக்கிட்டே நகருங்க. 'டங்'னு கேக்கணும். ஓர் இடத்துல மட்டும் 'டொக்'னு செத்த சத்தம் வந்தா அங்க விரிசலோ ரெசின் அடைப்போ இருக்கு. கடைசியா வெளிச்சத்துக்கு எதிர்ல சாய்வா நின்னு பாருங்க. நகம் வெச்சு இழுத்தா மாட்டுற கோடு விரிசல். மாட்டாத கோடு கல்லோட நரம்பு, அது பரவாயில்லை. ஆனா நரம்பும் சிங்க் வெட்டு மூலைக்கு நேரா வரக் கூடாது.

பின்பக்கம் வலை ஒட்டியிருந்தா ஏன்னு கேளுங்க. வலை போட்டதெல்லாம் மோசமில்லை. ஆனா வலை இருந்தாத்தான் நிக்கும்ங்கிற கல்லை சிங்க் பக்கம் போடக் கூடாது.

பாறையியல்:
மேலே சொன்னதற்குக் காரணத்தையும் சேர்த்து வைக்கிறேன், தேர்வுக்கு உதவும்.

சுண்ணாம்பு இனக் கற்களின் கால்சைட் கனிமம், 1 முதல் 10 வரை போகும் மோஸ் கடின அளவில் 3. கத்தி எஃகு சுமார் 5.5. கிரானைட்டில் இருக்கும் ஃபெல்ட்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7. அதனால்தான் மார்பிளில் கத்தி கோடு போடும். கிரானைட்டில் கத்தியின் முனைதான் மழுங்கும்.

கடைகளில் 'கறுப்பு கிரானைட்' என்று விற்பதில் பெரும்பாலானவை பாறையியல் கணக்கில் கிரானைட் அல்ல, டோலரைட் அல்லது கேப்ரோ வகை. இது குறையே இல்லை. நெருக்கமான மணிகள் என்பதால் தண்ணீரும் எண்ணெயும் உள்ளே போவது மிகக் குறைவு. விழுப்புரம் மாவட்டத்துக் குன்னம் கறுப்பு இந்த வகை. ஆந்திரத்தில் ஓங்கோலை அடுத்த சீமகுர்த்தியிலிருந்து வரும் பிளாக் கேலக்ஸியில் மின்னும் பொன்நிறப் புள்ளிகள் பிரான்சைட் என்ற கனிமம். அது சாயமும் அல்ல, பளபளப்புத் தூளும் அல்ல.

வெள்ளையில் கவனம் தேவை. காஷ்மீர் ஒயிட் என்று விற்பது மதுரை மேலூர்ப் பக்கத்துக் கல். சிவப்புப் புள்ளிகளாகத் தெரிபவை கார்னெட். கடினமான கல்தான், ஆனால் மணிகளுக்கு நடுவில் நுண்ணிய இடைவெளி அதிகம். ஈரத்தைப் பிடித்து வைக்கும். கல்லில் உள்ள இரும்பு அந்த ஈரத்தோடு சேரும்போது மஞ்சள், துரு நிறம் படரும். சிங்க் ஓரம் மஞ்சளாகிப்போன வெள்ளை மேடைகளில் பெரும்பாலும் நடந்தது இதுதான்.

நம் ஊர்க் கல் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். சாக்ஹில்ஸ் வெள்ளைக் கல் மேக்னசைட்; கடினம் 4 அளவில்தான். உலைச் செங்கலுக்கு ஏற்றது, மேடைக்கு ஆகாது. சேர்வராயன் மலைப் பாறை சார்னோக்கைட். கடினத்தில் முதல் தரம். மாக்கல் அமிலத்துக்கு அசையாது, எண்ணெயும் குடிக்காது, ஆனால் நகத்தாலேயே கோடு விழும். சட்டிக்கு அருமையான கல், அம்மி இடி விழும் மேடைக்கு வேண்டாம்.

'குவார்ட்சைட்' என்று விலை உயர்த்தி வெள்ளைக் கல் காட்டினால், துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கிக் கண்ணாடியில் கீறிப் பாருங்கள். உண்மையான குவார்ட்சைட் சுலபமாகக் கண்ணாடியைக் கீறும். கீறாமல் வழுக்கினால் அது டோலமைட் மார்பிள். அதன் மேல் அரை எலுமிச்சையைக் கவிழ்த்துக் கால் மணி நேரம் விட்டாலும் மங்கல் வட்டம் காட்டிக்கொடுத்துவிடும்.

அம்மாபேட்டை_அக்கா:
வெள்ளைன்னாலே பயமுறுத்த வேண்டாம்ங்க. நம்ம சமையலறை பாதி வீட்டுல இருட்டு. கறுப்பு மேடை போட்டா வெங்காயம் நறுக்கவே பகல்ல லைட்டு போடணும். இளஞ்சாம்பல்ல, இல்லைன்னா வெள்ளையில கறுப்புப் புள்ளி நெருக்கமா இருக்கிற கல்லுல, மேல சொன்ன தண்ணிச் சோதனை பாஸானதா எடுத்து சீலர் (கல்லு உறிஞ்சாம தடுக்கிற திரவம்) அடிச்சா தாராளமா புழங்கலாம். கரும்பலகை மாதிரி சுத்தக் கறுப்புல போர் தண்ணி உப்பு ஒவ்வொரு சொட்டும் தெரியும். தினம் ரெண்டு வேளை ஈரம் போகத் துடைக்கிற ஆள் இருக்கணும்.

ஒண்ணு மட்டும்: தட்டுவடை செட்டுக்கு பீட்ரூட் துருவுற வீடா இருந்தா துருவின தட்டைத் துணி மேல வைங்க. சீலர் அடிச்ச கல்லுலயும் பீட்ரூட் தண்ணி ராத்திரி முழுக்க நின்னா சாயம் இறங்கும்.

குகை_77:
உப்புக் கறைக்கு எதுக்கு இவ்வளவு யோசனை? கழிப்பறை ஆசிட் ரெண்டு மூடி தண்ணியில கலந்து துடைச்சா ரெண்டே நிமிஷத்துல பளிச்.

கல்பட்டறை_சேலம்:
தயவுசெய்து செய்யாதீங்க. அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். உப்புக் கறை போகும், கூடவே சீலர் போகும், கறுப்புக் கல்லோட பாலிஷ் மங்கும், வெளிர் கல்லுல இருக்கிற இரும்பு கரைஞ்சு ரெண்டு வாரத்துல துருவா வெளிய வரும். எவர்சில்வர் சிங்க்ல பொட்டுப் பொட்டாக் குழி விழும். ஆவி மூக்குக்கும் கேடு.

சரியான வழி: உப்புப் படிவை வெந்நீர்த் துணி போட்டு 10 நிமிஷம் ஊற வைங்க. அப்புறம் புது சவர பிளேடைக் கல்லோட படுக்கையாப் பிடிச்சு மெதுவாச் சுரண்டுங்க. கிரானைட்ல பிளேடு கோடு போடாது, உப்பு மட்டும் செதிலா எழும்பும். மார்பிள்ல இதைச் செய்யக் கூடாது. தினசரி துடைப்புக்குப் பாத்திரம் கழுவுற திரவம் ரெண்டு சொட்டு போதும்.

மாடுலர்_சூரமங்கலம்:
கல் பேச்சு நடக்கட்டும், கீழே இருக்கும் பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன். கல் உடைவது பெரும்பாலும் கல்லால் அல்ல, தாங்கல் சரியில்லாததால்.

உயரம் முதலில். சமைப்பவர் நேராக நின்று முழங்கையை மடக்கினால் தரையிலிருந்து முழங்கை வரை எவ்வளவோ, அதில் 4 அங்குலம் குறையுங்கள். 5 அடி உயரத்துக்கு 33 அங்குலம் பொருந்தும். பழைய மேடைகள் 30, 31 அங்குலத்தில் இருந்ததற்குக் காரணம் மேலே 5 அங்குல உயரத்தில் அடுப்பு உட்காரும். நீங்கள் ஹாப்புக்குப் போவதால் பழைய உயரத்தையே வைத்தால் இடுப்பு ஒடியும்.

அகலம்: பெட்டி 560 மி.மீ., கதவு 18, முன்னால் கல் நீட்டல் 25. கூட்டினால் 603. பின்னால் குழாய்க்கும் சுவர்க் கோணலுக்கும் ஓர் அங்குலத்துக்கு மேல் இடம் விட்டால் 635 மி.மீ., அதாவது 25 அங்குலம். பழைய வீட்டுச் சுவர் நேராக இருக்கும் என்று நம்பாதீர்கள். மூலைமட்டம் வைத்துப் பாருங்கள்; 3 அடிக்கு 2 நூல், 3 நூல் (8 நூல் ஓர் அங்குலம்) விலகல் சாதாரணம். பெட்டி பொருத்தி ரசமட்டம் பார்த்த பிறகுதான் கல்லுக்குக் கடைசி அளவு எடுக்க வேண்டும். பழைய மேடையை அளந்து கல் வெட்டக் கொடுப்பது கூடவே கூடாது.

இப்போது எல்லோரும் தடுக்கி விழும் இடம். முன் விளிம்பு தடித்துத் தெரிய 2 அங்குலப் பட்டி ஒட்டி டபுள் மோல்டிங் கேட்பீர்கள். அந்தப் பட்டி கல்லுக்கு அடியில் 20 மி.மீ. இறங்கும். கல் கதவைத் தாண்டி நீட்டியிருப்பது 1 அங்குலம்தான், ஆகப் பட்டியின் மிச்சம் கதவின் தலையிலும் பெட்டியின் விளிம்பிலும் இடிக்கும். அதற்காகப் பெட்டிகளின் மேல் 18 மி.மீ. பிளைவுட் பலகையை முழு நீளத்துக்கும் பரப்பி, முன்னால் பட்டிக்கு இடம் விட்டு நிறுத்த வேண்டும். பெட்டி 720, மேல் பலகை 18, கல் 20, கால் 80: மொத்தம் 838 மி.மீ., 33 அங்குலம். வழக்கமான 100 மி.மீ. காலை அப்படியே விட்டால் 34 அங்குலத்துக்கு ஏறிவிடும். இந்தக் கணக்கைத் தச்சரிடமும் கல் ஆளிடமும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். இருவரும் தனித்தனியாக அளந்தால் கடைசியில் கதவைச் சீவ வேண்டி வரும்.

பிளைவுட் ஐ.எஸ். 710 முத்திரை (தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரம்) உள்ளதாக இருக்கட்டும். சிங்க் பெட்டிக்காவது அதில் சமரசம் வேண்டாம்.

அழகாபுரம்_வீடு:
மிக்க நன்றி. அடியில் பிளைவுட் பலகை முழுக்க வருகிறது என்றால் 18 மி.மீ. கல் போதுமா? ஒரு கடையில் 18, இன்னொன்றில் 20 என்கிறார்கள். பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கிறது.

கல்பட்டறை_சேலம்:
ஸ்கேலை வெச்சு நாலு மூலையும் அளந்து பாருங்க. 18ன்னு சொல்றது பல ஸ்லாப்ல ஒரு மூலை 16, இன்னொரு மூலை 19 இருக்கும். சின்ன கட்டர்ல அறுத்த கல்லுல இந்த ஏற்ற இறக்கம் சகஜம். பல பிளேடு ஒண்ணா ஓடுற பெரிய கேங்சா மிஷின்ல அறுத்தது சீரா இருக்கும், ஆனா 5 அடி அகலத்துல முழு ஸ்லாபா வாங்கணும், உங்க மேடைக்கு மிச்சம் நிறையப் போகும். அடியில முழுப் பலகை இருக்கிறதால 18 தாங்கும்ங்க. ஆனா ரெண்டு ஸ்லாபும் மூட்டுல சந்திக்கிற இடத்துல கனம் ஒரே அளவா இருக்கணும். 1 மி.மீ. ஏறி இறங்கினாலும் துடைக்கிற துணி அங்க மாட்டும், மாவு அங்கதான் சேரும். எனக்குக் கேட்டா 20 எடுங்க. சிங்க் முன்பட்டையில, அதாவது சிங்க் வெட்டுக்கு முன்னால மிஞ்சுற ஒடுக்கமான கல்லுல, அந்த 2 மி.மீ. உதவும்.

இப்ப அளவு. மூலையில குறுக்கு வெட்டு வேண்டாம், நேர் மூட்டு. நீளக் கை 120 அங்குலம், குட்டைக் கை 96ல 25 போக 71 அங்குலம். மேல்தளம் மட்டும் 33 சதுர அடி சொச்சம். அதோட முன்பட்டி 2 அங்குலம், சுவரோரம் நிக்கிற பட்டி 4 அங்குலம். மூணையும் ஒரே ஸ்லாபுல இருந்து எடுத்தாத்தான் நிறம் சேரும். 25, 4, 2 கூட்டினா 31. ஒவ்வொரு அறுப்புக்கும் பிளேடு ஒரு நூல் தின்னும், ரெண்டு அறுப்புக்கு 2 நூல். ஸ்லாபோட ரெண்டு ஓரமும் கரடா இருக்கும், அதையும் சீவணும். ஆக 33 அங்குல அகலம் தேடுங்க. ஒண்ணு 10 அடி 3 அங்குல நீளம், இன்னொண்ணு 6 அடி 3 அங்குலம். மொத்தம் 45½ சதுர அடிக்கு உள்ள முடியும்.

சேதாரமே இல்லாம வரும், பாருங்க. முன்பட்டி நீளக் கைக்கு 95 அங்குலம் போதும், மிச்சம் 28ல மேடையோட திறந்த முனைக்கு 25 கிடைச்சிடும். குட்டைக் கையோட சுவர்ப்பட்டிக்கு 96 வேணும், ஸ்லாபுல 75தான் வரும். பாக்கி 21ஐ சிங்க் வெட்டி எடுத்த துண்டுல எடுக்கலாம், அது 22 அங்குல நீளம் இருக்கும். அதனால சிங்க் துண்டை உடைக்காம எடுக்கச் சொல்லுங்க.

10 அடிக்கு மேல நீளம் எல்லாக் கடையிலயும் இருக்காது. இல்லைன்னா நீளக் கையில இன்னொரு மூட்டு வரும். அதை சிங்க் மேலயோ ஹாப் மேலயோ வைக்காதீங்க. வெட்டுக்கும் மூட்டுக்கும் ஓரடியாவது இடைவெளி விட்டு, அடியில பெட்டியோட பக்கப்பலகை நேரா வர்ற இடத்துல வைங்க. ரெண்டு ஸ்லாபும் ஒரே பிளாக்கோட அடுத்தடுத்த எண்ணான்னு ஓரத்துல பெயிண்ட்ல எழுதியிருக்கிறதைப் பாருங்க.

பில் போடும்போது ஸ்லாபை எங்கிருந்து எங்க வரைக்கும் அளக்கிறாங்கன்னு கூட நில்லுங்க. கரடு ஓரத்தையும் சேர்த்து அளந்தா 2 சதுர அடி ஏறிடும். மோல்டிங் ரன்னிங் அடிக் கணக்கு, சிங்க் வெட்டு, ஹாப் வெட்டு, குழாய் ஓட்டை தனிக் கணக்கு. ஏத்துக்கூலி, மாடிக்கூலி யார் பொறுப்புன்னு எழுதி வாங்குங்க.

பாறையியல்:
மாடிக்கூலி என்றதும் எடைக் கணக்கையும் பார்த்துவிடுவோம். 20 மி.மீ. கிரானைட் சதுர அடிக்கு 5 கிலோ, அடர்ந்த கறுப்பு 5.6 கிலோ. உங்கள் 10 அடித் துண்டு 105 முதல் 117 கிலோ வரும். நான்கு பேர் நிமிர்த்தித்தான் தூக்க வேண்டும். படுக்கையாகத் தூக்கினால் கல் தன் எடையிலேயே நடுவில் ஒடியும். சிங்க் வெட்டிய பிறகு தூக்குவதாக இருந்தால் வெட்டின் முன்னும் பின்னும் மரச்சட்டத்தை கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். மாடிப்படித் திருப்பத்தில் 10 அடி நீளம் திரும்புமா என்பதை அதே நீளக் கம்பு ஒன்றை முதலில் கொண்டுபோய்ப் பார்த்துவிடுவது நல்லது.

ஏற்காடு_மிளகு:
இதே வேலை ஏற்காட்டில் செய்ய இருக்கிறோம். சேலத்தில் வெட்டி மேலே கொண்டுவருவதா, ஸ்லாபாகக் கொண்டுவந்து இங்கே வெட்டுவதா? 20 கொண்டை ஊசி வளைவு என்பதால் கேட்கிறேன்.

கல்பட்டறை_சேலம்:
மேல்தளத்தை அளவுக்கு அறுத்து, விளிம்பு மோல்டிங் முடிச்சுக் கொண்டுபோங்க. சிங்க், ஹாப் வெட்டு மட்டும் மேல போய். முழுசா வெட்டின துண்டு வளைவுல ஆடுற ஆட்டத்துக்கு முன்பட்டை தாங்காது. வண்டியில ஏ வடிவச் சட்டத்துல நிமிர்த்தி, நடுவுல கட்டை குடுத்து, ரெண்டு இடத்துல பெல்ட் இழுத்துக் கட்டணும். மணல் மேல படுக்கப் போட்டுக் கொண்டுபோற பழக்கத்துக்கு சம்மதிக்காதீங்க.

ஏற்காட்டுக்கு இன்னும் ரெண்டு. மார்கழி, தைக் குளிர்ல கல்லு ஒட்டுற எப்பாக்ஸிப் பசை இறுக நேரம் எடுக்கும். வெயில் ஏறின பிறகு ஒட்டுங்க, மறுநாள் வரைக்கும் கிளாம்பை எடுக்காதீங்க. மூடுபனி ஈரம் கல்லோட பின்பக்கம் இருந்தாலும் ஒட்டு பிடிக்காது, துணியால துடைச்சா மட்டும் போதாது, காய வைங்க. பிளைவுட்டோட அறுத்த ஓரம் எல்லாத்துக்கும், பின்பக்கம் உட்பட, வார்னிஷ் ரெண்டு கோட் அடிக்கச் சொல்லுங்க. மலையில பலகை ஊதுறது ஓரத்துல இருந்துதான்.

செவ்வாய்ப்பேட்டை_கொத்தனார்:
பெட்டி மேல கல்லை சிலிக்கான்ல ஒட்டுறாங்க. சிமெண்ட் கலவையில உட்கார்ற கல்லு மாதிரி அசையாம இருக்குமா? அடியில கலவை முழுசா இருந்தாத்தானே இடி தாங்கும்?

மாடுலர்_சூரமங்கலம்:
சுவர் மேடைக்கு நீங்கள் சொல்வது சரி அண்ணே. செங்கல் தாங்கலும் கான்கிரீட் பலகையும் இருந்தால் 1:4 கலவையை முழுப்பரப்பிலும் இட்டு சிமெண்ட் பால் ஊற்றி உட்கார வைப்பதே நல்லது. அங்கங்கே உருண்டை வைத்து உட்கார வைத்தால் அடியில் பொள்ளல் விழுந்து இடிகல் வைக்கும் இடத்தில் கீறும். ஆனால் பிளைவுட் மேல் ஈரக் கலவை ஆகாது, பலகை ஈரத்தைக் குடித்து வளையும். பிளைவுட் பலகை ரசமட்டத்தில் சமமாக இருந்தால் சிலிக்கானை ஓரடிக்கு ஒரு பொட்டு, ஓரங்களில் கோடாக இட்டு அழுத்தினால் போதும். கல்லின் எடையே அதைப் பிடித்து வைக்கும். பலகையில் பள்ளம் இருந்தால் சிலிக்கானால் நிரப்பக் கூடாது. பலகையைத் திருத்த வேண்டும்.

வெளிர் கல்லைக் கலவையில் உட்கார வைத்தால் சாம்பல் சிமெண்ட் ஈரம் மேலே நிழலாகத் தெரியும். வெள்ளை சிமெண்ட் சார்ந்த ஒட்டுப்பசை வாங்குங்கள். ஈரம் முழுவதும் வற்ற மூன்று நான்கு வாரம் ஆகும். அதற்கு முன் சீலர் அடித்தால் ஈரம் உள்ளேயே சிறைப்படும்.

செவ்வாய்ப்பேட்டை_கொத்தனார்:
ஒத்துக்கறேன். இடிகல்லையும் மாவு அரைக்கிற கிரைண்டரையும் பெட்டியோட பக்கப்பலகை நேர் மேல வெக்கச் சொல்லுங்க, ரெண்டு பலகைக்கு நடுவுல இல்லாம. தேங்காயை மேடை விளிம்புல உடைக்கிறது எந்தக் கல்லுக்கும் ஆகாது. 20 மி.மீ. இருந்தாலும் மோல்டிங் சில்லுச் சில்லாப் போகும்.

கல்பட்டறை_சேலம்:
சிங்க் வெட்டைப் பத்திச் சொல்லணும், அதுலதான் பாதிக் கல்லு போகுது.

24க்கு 18 சிங்க்குக்கு வெட்டு 22க்கு 16. 25 அங்குல அகலத்துல 16 போனா மிச்சம் 9. முன்னால 4, பின்னால குழாய்க்கு 5. முன்பட்டை 3 அங்குலத்துக்குக் கீழ போகவே கூடாது. நாலு மூலையிலயும் முதல்ல 10 மி.மீ. ஓட்டை போட்டு, அந்த ஓட்டையில இருந்து ஓட்டைக்கு அறுக்கணும். கட்டிங் மிஷினை ரெண்டு பக்கமும் ஓட்டி மூலையில கூட்டல் குறி மாதிரி தாண்ட விட்டா அந்தத் தாண்டின கீறல்ல இருந்துதான் நாளைக்கு விரிசல் ஓடும். ஹாப் மூலையில சூடும் ஆறுதலும் மாறி மாறி வர்றதால இன்னும் சீக்கிரம் ஓடும். மூலை உருண்டையா இருந்தா இழுவிசை ஒரே புள்ளியில குவியாது.

அடியில பொருத்துற சிங்க்கா இருந்தா சிலிக்கானை மட்டும் நம்பாதீங்க. அந்த சிங்க் நிறைஞ்சா 50 லிட்டர், 50 கிலோ. அடியில சட்டமோ கிளிப்போ கட்டாயம். முன்பட்டைக்கு அடியில காடி எடுத்துக் கம்பி பதிச்சா நல்ல பலம். ஆனா இரும்புக் கம்பி வேண்டாம். துருப்பிடிச்சு ஊதிக் கல்லையே பிளக்கும். எவர்சில்வர் கம்பி, இல்லைன்னா கண்ணாடி இழைக் கம்பி, எப்பாக்ஸியில.

முன்பட்டிக்கு அடியில விளிம்புல இருந்து 4 நூல் தள்ளி, 3 மி.மீ. ஆழத்துல நீள நெடுக ஒரு காடி ஓட்டச் சொல்லுங்க. மேல வழியிற தண்ணி அந்தக் காடியில அறுந்து கீழ சொட்டும், இல்லைன்னா அடியில ஒட்டிக்கிட்டே ஓடிக் கதவுத் தலையில இறங்கும். பத்து நிமிஷ வேலைங்க. கேக்காம யாரும் செய்யறதில்லை, அதனால பட்டி ஒட்டுறதுக்கு முன்னாடியே கேளுங்க.

மாடுலர்_சூரமங்கலம்:
வெட்டும் வேலை எல்லாம் வீட்டுக்கு வெளியே, தண்ணீர் விட்டுக்கொண்டே நடக்கட்டும். கிரானைட் தூசியில் சிலிகா இருக்கிறது. செயற்கை குவார்ட்ஸ் பலகையில் அது 90 சதவீதத்துக்கும் மேல் போகலாம். நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கோசிஸ் நோயால்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தப் பலகைகளைத் தடை செய்தது. வேலை செய்பவருக்கு நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள், துணி கட்டினால் போதாது.

அம்மாபேட்டை_அக்கா:
சீலர் அடிக்கிற முறையையும் யாராவது சொல்லிடுங்க. அப்படியே காய விட்டு மேடை முழுக்கப் பால் படிஞ்ச மாதிரி ஆக்கிடறாங்க.

பாறையியல்:
கல் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். சீலரைத் துணியால் சீராகத் தேய்த்து, டப்பாவில் சொல்லியிருக்கும் நேரம், பெரும்பாலும் 10, 15 நிமிடம், ஊற விடுங்கள். பிறகு மேலே மிஞ்சியதை ஒரு சொட்டு விடாமல் உலர்ந்த துணியால் துடைத்தெடுக்க வேண்டும். சீலரின் வேலை கல்லுக்குள்ளே, மேலே படிந்தால் அது வெறும் படலம். வெளிர் கல்லுக்கு இரண்டாம் முறையும் அடியுங்கள். அடர்ந்த கறுப்பு பெரும்பாலும் உறிஞ்சவே உறிஞ்சாது, அதற்குச் சீலர் தேவையில்லை. மீண்டும் எப்போது என்பதற்கு வருடக் கணக்கு பார்க்காமல் அதே தண்ணீர்ச் சோதனையைச் செய்யுங்கள், கறுத்தால் அடியுங்கள்.

கறை இறங்கிவிட்டால்: எண்ணெய்க் கறைக்குச் சமையல் சோடாவை அசிட்டோனில் பசையாகக் குழைத்து 2 நூல் கனத்துக்குப் பூசி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஓரம் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். பிறகு தாளை எடுத்துக் காய விட்டால் பசை காயும்போது எண்ணெயை இழுக்கும். இரண்டு மூன்று முறை தேவைப்படலாம். அசிட்டோன் சட்டென்று தீப்பற்றும். சிலிண்டரை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டுச் செய்யுங்கள். மஞ்சள், பீட்ரூட்டுக்கு அசிட்டோனுக்குப் பதில் மருந்துக் கடையில் கிடைக்கும் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. இரும்புத் தோசைக்கல் ஈரத்தோடு வைத்த துரு வட்டம்தான் போவதற்குக் கடினம், அதை வராமல் பார்ப்பதே வழி.

அழகாபுரம்_வீடு:
எல்லாம் குறித்துக்கொண்டேன். அறை இருட்டு என்பதால் இளஞ்சாம்பல், 20 மி.மீ., 33 அங்குல அகலம் தேடுகிறோம். கடைசியாக ஒன்று: குழாய் ஓட்டையும் குடிநீர் ஃபில்டர் குழாய் ஓட்டையும் பட்டறையிலேயே போடுவதா, கல் உட்கார்ந்த பிறகா? தண்ணீர் சிங்க் பக்கம் ஓடுமாறு மேடையைச் சரிக்கலாமா?

கல்பட்டறை_சேலம்:
சரிக்காதீங்க. ஹாப்ல கடாய் எண்ணெய் ஒரு பக்கமா ஓடும். ரசமட்டத்துல சமமா வைங்க, வழியிறதுக்குத்தான் அந்த அடிக்காடி.

ஓட்டை கல்லு உட்கார்ந்து சிங்க் பொருந்தின பிறகு போடுங்க. சிங்க் மிக்சருக்கு 35 மி.மீ. கோர் கட்டர். ஃபில்டர் குழாய்க்கு அந்தக் குழாயோட தண்டை அளந்து அதுக்கு 2 மி.மீ. கூட. வெட்டு விளிம்புக்கும் ஓட்டைக்கும் நடுவுல 2 அங்குலமாவது கல்லு இருக்கணும், அதே மாதிரி ரெண்டு ஓட்டைக்கு நடுவுலயும். குழாயை வாங்கிக் கையில வெச்சுக்கிட்டு, கைப்பிடி பின்னால சாயும்போது ஜன்னல் படியில இடிக்குதான்னு பார்த்துட்டுப் புள்ளி வைங்க. கோர் கட்டரைச் செங்குத்தாப் பிடிச்சு, களிமண்ணால வட்டம் கட்டித் தண்ணி தேக்கி, அழுத்தாம ஓட்டச் சொல்லுங்க. கடைசி 3 மி.மீ.ல அழுத்தினா அடிப்பக்கம் சில்லு பேர்ந்து வரும்.

குழாய் மாட்டி, சிலிக்கான் ஒரு நாள் காஞ்ச பிறகு தண்ணி திறங்க. முதல் ரெண்டு நாள் சிங்க் பெட்டிக்குள்ள பழைய செய்தித்தாள் விரிச்சு வைங்க. எங்க கசிஞ்சாலும் தாள்ல தெரிஞ்சிடும்.